அன்றே ரெடி

மோட்டார் அக்கா என்று கேட்டால்தான் அந்தத் தெருவில் வழி சொல்வார்கள். எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்குப் புதிதாகக் கம்பி சுற்றித் தருவது அவள் தொழில். பத்தொன்பது வருஷத்தில் அவள் கை பட்டுப் போன மோட்டார் ஒன்றுகூட எரிந்து திரும்பி வந்ததில்லை. இதைச் சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரும். வரட்டுமே, பொய்யா சொல்கிறாள்?

அதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. கம்பி சுற்றி முடித்ததும் மேலே வார்னிஷ் ஊற்றுவாள். பிறகு, நாலு குண்டு பல்பு எரியும் தகரப் பெட்டிக்குள் வைத்து ரெண்டு நாள் காயவிடுவாள். நாலு மணி நேரத்திலேயே வெளியே காய்ந்த மாதிரி பளபளக்கும். உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். அந்த ஈரத்தோடு ஓட்டினால் மறுபடி எரியும். எவன் வந்து குதித்தாலும், "ரெண்டு நாள் ஆகும். அவசரம்னா வேற கடை பாருங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள்.

இந்தப் பிழைப்பில் மண்ணைப் போடத்தான் பேங்க் வந்தது. சிறுதொழில் கணக்கு வைத்திருக்கும் எல்லாருக்கும் இலவசமாக வெப்சைட் போட்டுத் தருகிறோம் என்று, கழுத்தில் அட்டை தொங்க ஓர் அதிகாரி கடைக்கே வந்தார். போன் நம்பர், முகவரி, ரெண்டு நாள் ஆகும் என்ற ஒரு வரி, இவ்வளவும் போட்டால் போதும் என்றாள். அவர் டேப்லெட்டைத் தட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றார். டெலிவரி நேரம் என்ற கட்டத்துக்கு ரெண்டே விடைதான் இருந்தது. ஒன்று, 'ஒரு மணி நேரத்தில்'. இன்னொன்று, 'அன்றே'.

"ரெண்டு நாள்னு இதுல வரல மேடம். அன்றேன்னு வைக்கிறேன். அப்பதான் ஆளும் வரும்."

"வர்றவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அதெல்லாம் பேசிக்கலாம் மேடம்."

யார் யாரோடு பேசிக்கொள்வது? அவர் பாட்டுக்குப் போய்விட்டார். ஸ்பேனரைக் கண்ணால்கூடப் பார்த்திராத, டை கட்டிய ஓர் ஆள் பல்லைக் காட்டி நிற்க, பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'அன்றே ரெடி' என்று வெப்சைட் வந்தது. அதைக் காட்டிக் காட்டி ஜனங்கள் சண்டைக்கு வந்தார்கள். ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டு 'ஏமாற்றுக் கடை' என்று எழுதியிருந்தார். வீட்டுக்காரர் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினார். அவள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

பேங்குக்குப் போய்க் கத்தினாள். "எல்லாருக்கும் ஒரே டிசைன்தான் மேடம். தையல் கடை, பல்செட் செய்றவர், எல்லாருக்கும் இதேதான்" என்று அதிகாரி ஒரு புகார் நம்பரைக் கொடுத்தார். அடுத்த வாரம் போனாள். இன்னொரு நம்பர் கிடைத்தது.

அப்போதுதான் ஒருநாள் காலையில் மாணவிகள் விடுதியின் சமையல்காரி மோட்டாரோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் போன். "இன்னைக்கே கிடைக்கும்ல அக்கா?" என்று தன்மையாகத்தான் கேட்டாள். ஏமாற்றுக் கடை என்ற சொல் மோட்டார் அக்காவின் காதில் குடைந்துகொண்டிருந்தது. தலையாட்டிவிட்டாள். மளமளவென்று கம்பி சுற்றி, சாயங்காலமே பெட்டியைத் திறந்து எடுத்து, மோட்டாரைப் பூட்டிக் கொடுத்தனுப்பினாள்.

மூன்றாம் நாள் அது எரிந்து திரும்பி வந்தது. விடுதியில் அறுபது பெண்கள் தெருக்குழாயிலிருந்து மூன்று மாடிக்கு வாளி சுமக்கிறார்களாம்.

கருகிய கம்பிச் சுருளைக் கொண்டுபோய் அதிகாரியின் மேஜைமேல் வைத்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாள். அவர் மேஜை அழுக்காகாமல் அடியில் ஒரு பேப்பரைச் செருகினார். பிறகு, "புதுசா ஒரு புகார் பதிஞ்சுடலாமா மேடம்?" என்றார். அவள் சுருளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுபடி சுற்றினாள். முழுசாக ரெண்டு நாள் காயவைத்தாள். தானே விடுதிக்குத் தூக்கிக்கொண்டு போய் மாட்டினாள்.

"இதுக்கு ஒண்ணும் தர வேணாம். போன தடவை ஈரத்தோட குடுத்துட்டேன்" என்றாள்.

சமையல்காரி கையைத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தாள். "தெரிஞ்சேவா குடுத்தீங்க?"

"அந்தப் பேங்க்காரன் அன்றேன்னு போட்டு வச்சிருந்தான். நீங்களும் கேட்டீங்க."

"போட்டிருந்துச்சு, கேட்டேன். எனக்கு மோட்டாரப் பத்தி என்னக்கா தெரியும்? ரெண்டு நாள் ஆகும்னு நீங்க சொல்லியிருந்தா, காத்திருந்திருப்போமே."

பேங்கைத் திட்ட அவளிடம் இன்னும் எவ்வளவோ பாக்கி இருந்தது. வரும் வழியெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டேதான் வந்திருந்தாள். ஆனால், பத்தொன்பது வருஷமாக வந்தவன் போனவன் எல்லாரிடமும் சொன்னதை, கேட்டுக்கொள்ளத் தயாராக இருந்த இந்த ஒருத்தியிடம் மட்டும் அவள் சொல்லவில்லை.

"சொல்லியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, சுவிட்சைப் போட்டாள்.