ஓட்டையை அடைத்த துண்டு

ஊரடங்கு போட்டு மூன்றாவது வாரம். சதுரங்கப்பட்டினத்துக் கரையில் படகுகள் அப்படியே கிடந்தன. ஏற்றுமதிக் கம்பெனி வண்டிகள் வரவில்லை, சந்தையும் இல்லை. பிடித்தால் யாரிடம் விற்பது? அங்கிருந்து சென்னைக்கு மீன் ஏற்றிப் போகும் வேன் என்னுடையது. பாஸ் கிடைத்ததும் படகுக்காரன் ஒருவனுக்குத்தான் முதலில் போன் போட்டேன். சொந்தமில்லை, ஆனாலும் பதினைந்து வருடமாக எனக்கு மச்சான்.

“வூட்ல அரிசி தீரப்போவுது மச்சான். வண்டி வரும்னு சொல்லு, கடலுக்குப் போறேன்.”

“பாஸ் கைல கீது. நீ போ,” என்றேன்.

மறுநாள் காலை வஞ்சிரமும் சங்கராவுமாக நல்ல மீன்பாடு. எந்தப் படகு கரையேறினாலும் வீட்டுக் குழம்புக்கு இரண்டு மீனை ஓரமாக எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றதை விற்பார்கள். அன்று அவன் அந்த இரண்டு சங்கராவையும் பெட்டியில் போட்டான்.

“எல்லாத்தையும் ஏத்து. அரிசி வரட்டும்.”

மீன் பெட்டியின் அடியில் ஐஸ் தண்ணீர் வடிய ஓர் ஓட்டை உண்டு. வழியெல்லாம் சொட்டும், ஜனங்கள் திட்டுவார்கள். அப்போதோ மீன் தண்ணீரில் நோய் பரவுகிறது என்று வதந்தி வேறு. வண்டியை மறித்துவிடுவார்களோ என்று பயந்து, திருக்கழுக்குன்றம் வருவதற்குள் என் துண்டைச் சுருட்டி ஓட்டையில் திணித்தேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு. செங்கல்பட்டில் சோதனைச் சாவடி வரிசை நகரவே நான்கு மணி நேரம் ஆனது. நல்ல வெயில். துண்டு என் நினைவிலேயே இல்லை. உருகிய தண்ணீரில் மீன் ஊறிக்கொண்டிருந்தது.

சென்னைக் கிடங்கில் பெட்டியைத் திறந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். “எடுத்துனு போயிடுப்பா.”

கரைக்குத் திரும்பி இருவருமாகக் குழி தோண்டிப் புதைத்தோம். “வழியில நிறுத்திட்டாங்க மச்சான்,” என்று மட்டும் சொன்னேன். பெட்டியைக் கழுவக் குனிந்தவன் துண்டை உருவி எடுத்தான். ஓட்டையையும் துண்டையும் பார்த்தான். பிறகு கடலில் அலசிப் பிழிந்து என் தோளில் போட்டான். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“அந்த ரெண்டு சங்கராவயாவது எடுத்து வெச்சிருக்கலாம். புள்ளைங்க கேட்டுச்சிங்க,” என்றான்.

இப்போது கரையேறியதும் குழம்பு மீனை எடுத்து வைக்கிறான், அதோடு என் வீட்டுக்கும் ஒன்று. வாங்கி வந்து மனைவியிடம் கொடுக்கிறேன். எல்லோரும் சாப்பிடுகிறார்கள். சங்கரா என்றால் மட்டும் நான் ரசம் ஊற்றிக்கொள்கிறேன்.