விளக்கெண்ணெய்க்கு வந்த மெமோ

முதலியார்பேட்டைப் பள்ளி ஒன்றில் நான் கணக்கு வாத்தியார். பக்கத்து வகுப்பில் அறிவியல் எடுத்த டீச்சர் ஒல்லியாக இருப்பார். முந்தானையை இடுப்பில் செருகியிருப்பார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆனாலும், கையால் செய்து பார்க்காத எதையும் பிள்ளைகளை நோட்டில் எழுத விடமாட்டார்.

ஒரு நாள் திரவங்களின் அடர்த்தி பற்றிய பாடம். பிள்ளைகள் தம்ளர்களில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, ஆய்வுக்கு வந்த அதிகாரி நுழைந்தார்.

"பரீட்சை நேரத்துல என்ன விளையாட்டு இது? கெட்டியா இருக்கறது அடியில போவும்னு எழுதிப்போட்டா முடிஞ்சிது."

டீச்சர் விளக்கெண்ணெய் பாட்டிலை நீட்டினார். "நீங்களே ஊத்திப் பாருங்க சார்."

ஊற்றினார். அவ்வளவு கெட்டியான எண்ணெய் தண்ணீருக்கு மேலேயே நின்றது. பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

மறுநாள் டீச்சருக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது.

"மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடுத்துடுங்க மேடம். வேலை போயிடும்," என்றேன்.

"எதுக்கு சார் மன்னிப்பு? எண்ணெய் மிதந்ததுக்கா?"

என் எதிரிலேயே பதில் எழுதினார்: 'விளக்கெண்ணெய் தண்ணீரில் மிதக்கும். நாளைக்கும் மிதக்கும்.' கீழே நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

அந்த ஆண்டோடு அவரை அனுப்பிவிட்டார்கள். என் இருபது வருட சர்வீஸில் அப்படி ஒரு வரியை நான் எந்தக் காகிதத்திலும் எழுதியதில்லை.