சூயஸும் தோப்பூர் வாய்க்காலும்

போன கிழமை தோப்பூருக்குப் பஸ்ஸில் போனேன். வழியில் ஒரு பெக்கோ இயந்திரம் வாய்க்காலைத் தோண்டிக்கொண்டிருந்தது. யன்னலால் வந்த சேற்று மணம் எனக்குச் சூயஸ் கால்வாயை நினைவூட்டியது. சிரிக்காதீர்கள். அந்தக் கால்வாயை நான் முதலில் அறிந்தது இந்த மணத்தோடுதான்.

அப்போது நானும் நசீரும் திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தோம். நான் ஓர்ஸ் ஹில்லில் ஓர் அறையில் கிடந்தேன்; ஒன்பதாம் வகுப்போடு நின்றவன், எந்த வேலையிலும் ஒரு வருடம் தங்காதவன். நசீர் தோப்பூர் வயல்காரன். விடிய மூதூரில் லாஞ்ச் படகு ஏறி வருவான். காற்சட்டை மடிப்பில் வயல் சேறு காய்ந்து மணக்கும். இருவருக்கும் கப்பலில் போகும் ஆசை. கொழும்பில் ஆள் எடுக்கும் ஏஜென்ட் சூயஸைப் பற்றிக் கேட்பான் என்று யாரோ சொன்னதை நம்பி, பழைய பேப்பர் கடையில் அட்டையில்லாத ஒரு புத்தகம் வாங்கினோம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் வாசிப்பேன், அவன் கேட்பான்.

இரண்டு கடல்களை இணைக்கும் வாய்க்கால் என்றதும் அவன் முதலில் கேட்டது: "அங்க வட்டை விதானையார் ஆரு மச்சான்?"

வாய்க்கால் கதவைத் திறந்து மூடி வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுபவரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். விதைப்புக்கு முன் அவர் கயிறு பிடித்து, வயல்காரன் ஒவ்வொருவனுக்கும் வாய்க்காலில் ஒரு துண்டு அளந்து விடுவார். அதை அவனவன் வெட்டித் துப்புரவாக்க வேண்டும்.

"அங்க கதவே இல்லையாம். ரெண்டு கடலும் ஒரே மட்டம்" என்றேன்.

"கதவில்லாத வாய்க்காலா? இத எழுதினவன் மண்வெட்டி பிடிக்காதவன்."

ஏஜென்ட் கேட்டால் கதவு இருக்கிறது என்றே நசீர் சொல்வானாம்.

"அப்ப உன்ர கப்பல் தோப்பூருக்குத்தான் போகும்."

பிறகு, தோண்டிய கதை வந்தது. குடியானவர்களை ஊர் ஊராகப் பிடித்துப்போய் மண் அள்ள வைத்தார்கள். கூடை இல்லாதபோது வெறுங்கையால். தாகத்திலும் நோயிலும் செத்தார்கள். எத்தனை பேர் என்பது புத்தகத்துக்கே நிச்சயமில்லை. நசீர் சோற்றுப் பார்சலை மூடிவிட்டான்.

"மையித்துகள எங்க அடக்கினாங்க?"

"அது இதில இல்ல."

"வேற எங்க? வெட்டுற மண் கரையிலதானே விழும். அவங்களும் அங்கதான் கிடப்பாங்க. நாம போகக்குள்ள ரெண்டு பக்கமும் பாத்து அவங்களுக்காக ஒரு பாத்திஹா ஓதணும்."

"எனக்கு ஓதத் தெரியாதே."

"நான் இருக்கன்தானே."

கொழும்புக்குப் போக நாள் குறித்திருந்தோம். அதற்குள் சண்டை மூதூர்ப் பக்கம் வந்தது. ஊரே நடந்து வெளியேறிய அன்று, வயல்வெளியில் ஷெல் விழுந்து நசீர் செத்தான். மையவாடிக்குக் கொண்டுபோக வழியில்லை. அவன் காக்கா என்று கூப்பிடும் அண்ணனும் இன்னும் இருவரும் வாய்க்கால் கரையில் குழி வெட்டி அடக்கிவிட்டு நடந்தார்கள்.

"தொழுதுட்டுத்தான் வெச்சம். அவன்ட துண்டுலதான் வெச்சம்" என்று காக்கா பின்னர் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

நான் தனியே கொழும்புக்குப் போனேன். ஏஜென்ட் சூயஸைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு வேலைக்கு எடுத்துக்கொண்டான். எஞ்சின் அறையில் எண்ணெய் துடைக்கும் வேலை. கப்பல் சூயஸைக் கடந்த பகலில் ஒரே ஒரு தடவைதான் மேலே வர முடிந்தது. இரு பக்கமும் மணல் மேடு. கதவு எதுவும் இல்லை. தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழேயிருந்து கத்தினார்கள், இறங்கிவிட்டேன்.

போன கிழமை பஸ்ஸை நிறுத்தி இறங்கினேன். கரையில் நின்ற வயல்காரரிடம், "இதில நசீரின்ர துண்டு எது?" என்று கேட்டேன்.

"துண்டா? இப்ப ஆரு அண்ணன் துண்டு பிரிக்கிற? பெக்கோ ஒரு நாளையில முடிச்சிரும்."

காக்காவும் மௌத்தாகி விட்டாராம். கயிறு பிடித்து அளந்த விதானையாரும் இல்லை. எது யாருடைய துண்டென்று சொல்ல அங்கே எவருமில்லை. பெக்கோ ஒவ்வொரு முறை கரையோர மண்ணையும் சேர்த்துச் சேற்றை அள்ளிக் கரையில் கொட்டும்போதும் நான் அதற்குள் உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றேன்.