இசைவாணிக்குத் தெரிந்த சீன எழுத்துகள்

கச்சிராயபாளையத்தில் சிறிய ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் ஆறு வருடமாக வேலை பார்த்தவள் இசைவாணி. ரத்த அணுக்களை எண்ணும் மெஷின் பழையதாக வாங்கியது. அதை இயக்கும் கம்ப்யூட்டரில் வருவதெல்லாம் சீன மொழி. அவளுக்கு ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது. ஆனால் எந்தப் பெட்டி வந்தால் எதைச் செய்ய வேண்டும் என்பதை எழுத்தின் உருவம் பார்த்தே பழகி வைத்திருந்தாள்.

காய்ச்சல் பரவிய ஐப்பசியில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. முதலாளி தீனதயாளன் அதைக் கடையில் கொடுத்து விண்டோஸைப் புதிதாகப் போட்டு வாங்கி வந்தார். திறந்து பார்த்தால் சீன எழுத்து ஒன்றுகூட இல்லை. கேள்விக்குறிகளும், தலையில் குல்லாவும் புள்ளியும் வைத்த ஆங்கில எழுத்துகளும் திரை முழுக்க நின்றன. வாசலிலோ காய்ச்சல்காரர்கள் முப்பது பேர்.

“நம்பர் வருதுல்ல? பெட்டி வந்தா ஓகே அழுத்திட்டுப் போய்க்கினே இரு,” என்றார் தீனதயாளன்.

அழுத்தினாள். எல்லாப் பெட்டிகளும் ஒரே மாதிரி இருந்தன. சீன எழுத்துரு ஒன்றை இறக்கிப் போட்டாள், மாறவில்லை. சாஃப்ட்வேரையே அழித்துவிட்டு மறுபடி போட்டாள், அதே கிறுக்கல். கடைக்காரர் போனை எடுக்கவே இல்லை. மூன்றாம் நாள் மதியம், உளுந்தூர்பேட்டையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கவியரசன் ஒருவழியாகப் போனில் கிடைத்தான். அவளோடு பள்ளியில் படித்தவன்.

“ஃபான்ட்ல ஒண்ணும் இல்ல இசை. அது பழைய சாஃப்ட்வேரு. மொழிய சைனீஸ்னு கம்ப்யூட்டரு நெனச்சாத்தான் எழுத்து ஒழுங்கா வரும். கன்ட்ரோல் பேனல்ல ரீஜியனைத் தொற. கடைசிப் பக்கத்துல, யூனிகோட் இல்லாத புரோகிராமுக்கு இன்னா மொழின்னு இருக்கும். அங்க சைனீஸ் வச்சி ரீஸ்டார்ட் குடு.”

கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. சீன எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன. அழுகையே வந்துவிட்டது அவளுக்கு. அடுத்த ரத்தத்தை வைத்தாள். பெட்டி ஒன்று வந்தது. தெரிந்த பெட்டிதான்: ஊசி அடைத்திருக்கிறது, ரத்தம் உள்ளே போகவில்லை. அப்படி அடைத்தால் முந்தைய ஆளின் எண்ணையே மெஷின் திரும்பக் காட்டும்.

கை தானாகப் பதிவேட்டுக்குப் போனது. மூன்று நாள் பக்கங்களையும் புரட்டினாள். முந்தின நாள் பக்கத்தில் கந்தசாமி என்பவருக்கு, ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணு ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம். அடுத்த வரியில் பாப்பாத்தி. அதே எண். மற்ற எண்களும் புள்ளி மாறாமல் அதே.

பாப்பாத்தி கரும்பு வெட்டுகிறவள். கொடுத்திருந்த போன் அணைந்திருந்தது. இசைவாணி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கோமுகி அணையைத் தாண்டிப் போனாள். வழி நெடுக வாய் எதையோ வேண்டிக்கொண்டே இருந்தது.

பாப்பாத்தியின் கணவன் பாவாடை வெளியே வந்தான்.

“இன்னாம்மா, நீங்களே வந்துட்டீங்க?”

“நேத்து நான் குடுத்த சீட்டு தப்புண்ணா. அது வேற ஆளு நம்பரு. அக்கா எங்க?”

“படுத்துக்கினு கீறா. காலையிலேர்ந்து ஈறுல ரத்தம் வருது. நீங்க நல்லா இருக்குன்னு சொன்னீங்களே, சூடுன்னு நெனச்சி வுட்டுட்டேன்.”

பாப்பாத்தியின் கையெல்லாம் சிவப்புப் புள்ளிகள். 108 வர நாற்பது நிமிடம் ஆனது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது பிளேட்லெட் ஒன்பதாயிரம். இசைவாணி வார்டு வாசலில் தரையில் உட்கார்ந்தாள். “என்னாலதாண்ணா,” என்றாள்.

மறுநாள், அந்த மூன்று நாளில் வந்த அத்தனை பேருக்கும் போன் செய்து, காரணத்தையும் சொல்லி, மறுபடி ரத்தம் கொடுக்கக் கூப்பிட்டாள். “ஊருக்கே தமுக்கடிச்சியா? நாளையிலேர்ந்து வராத,” என்றார் தீனதயாளன்.

எட்டாம் நாள் பாப்பாத்தி பிழைத்து வீடு திரும்பினாள். இசைவாணி ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்கப் போனாள். “உக்காரு பாப்பா,” என்று பாப்பாத்தி பாயில் நகர்ந்து இடம் விட்டாள். பாவாடை எழுந்து வெளியே போனான். இசைவாணி கிளம்பும்வரை உள்ளே வரவில்லை.