முப்பாட்டனின் மோவாய்

ரொட்டியின் மெத்தென்ற நடுப்பகுதியைப் பிய்த்து உருட்டி, தான் வெட்டிக்கொண்டிருக்கும் அச்சில் அழுத்தி எடுத்துப் பார்க்கிறான் ஹெர்மோன். அச்சில் எல்லாம் குழியாக, இடவலம் மாறித்தான் இருக்கும். காசில் எப்படி விழும் என்பது ரொட்டியில்தான் தெரியும். மூக்கு சரியாக வந்திருந்தால் அப்படியே வாயில் போட்டுக்கொள்வான். காலையில் வீனஸ், மதியம் வெற்றித் தேவதை.

"சாமியைத் தின்னே கொழுத்துட்டான்" என்பான் சம்மட்டி அடிக்கும் பாட்டோ.

"வீனஸ்ல உப்பு பத்தலைடா."

ரோம் நகரக் குன்றின் மேல் ஜூனோ தேவி கோயிலை ஒட்டிய நாணயச்சாலையில் ஹெர்மோன் ஓர் அரசு அடிமை. முன்பெல்லாம் வெள்ளிக்காசுக்கு அச்சு வெட்டுவதில் தலைவலி கிடையாது. ஒரு பக்கம் தலைக்கவசம் போட்ட ரோமா தேவி, மறுபக்கம் குதிரையேறிய இரட்டைத் தெய்வங்கள். இப்போது ஆண்டுதோறும் மூன்று பெரிய வீட்டுப் பிள்ளைகள் பொறுப்புக்கு வருகிறார்கள். பின்னால் தேர்தலில் நிற்கப்போகிறவர்கள். மீன் சந்தை வரைக்கும் போகிற காசில் தங்கள் குலப்பெருமையும் கூடவே போகட்டும் என்று நினைப்பவர்கள். வீனஸ் வயிற்றில் பிறந்த வம்சம் என்பான் ஒருவன், ஆற்றுத் தெய்வத்தின் பேரன் என்பான் இன்னொருவன். ஹெர்மோன் மறுப்பதே இல்லை. "அவங்க பாட்டி விவகாரம், நமக்கென்ன?"

முன்னோரின் முகம் எவருக்கும் தெரியாது. ஆகவே எல்லா வம்சத்துக்கும் கோயில் குன்றின் சரிவில் ஈரல் விற்பவனின் மூக்கையே வைத்துவிடுவான். தாடியை மட்டும் மறக்கமாட்டான். ரோமில் இன்று எல்லோரும் மழித்த முகம். தாடி இருந்தால் அந்தக் காலத்து ஆள், செத்தவர். உயிரோடிருப்பவன் முகத்தை வெள்ளியில் போடுவது ராஜாக்களின் பழக்கம். இந்த ஊரில் ராஜாவாக ஆசைப்பட்டவர்கள் டைபர் ஆற்றில் மிதந்திருக்கிறார்கள்.

இந்த ஆண்டுப் பிள்ளைகளில் ஒருவன் வெரானியஸ். காசில் போட வேண்டிய முப்பாட்டனின் முகத்தை அச்செடுத்து வீட்டில் வைத்திருந்த மெழுகு முகமூடி தீயில் உருகிவிட்டதாம். "என்னைப் பார்த்து வெட்டு. ரத்தம் ஒண்ணுதானே?" என்றான். ஹெர்மோனும் வெட்டினான். தாடியைக் கடைசிக்கு வைத்திருந்தான். அச்சில் வெட்டியதை அடைக்க வழியில்லை.

நேற்று அச்சைப் பார்க்க வந்த வெரானியஸ் ரொட்டித் துண்டைக் கையில் வாங்கியதும் சொக்கிப்போனான்.

"அடடா, நானேதான்! இப்படியே இருக்கட்டும்."

"தாடி பாக்கி இருக்குங்க, எஜமான்."

"தாடி வேணாம்டா. வருஷக் கடைசியில உன் விடுதலைக்கு நானே பேசறேன்."

ஹெர்மோன் மோதிரக்கல் வெட்டும் கடை ஒன்றுக்குச் சந்தில் இடம்கூடப் பார்த்துவைத்திருக்கிறான். விடுதலை ஒன்றுதான் பாக்கி.

"சரின்னு சொல்லித் தொலையேன்டா" என்று முணுமுணுத்தான் பாட்டோ.

"எஜமான், காசுல உங்களைப் பாத்தா ஜனங்க என்ன சொல்லுவாங்க?"

"அழகா இருக்கான்னு சொல்லுவாங்க."

"இந்தக் காசுல செத்தவங்கதான் இருக்கலாமுங்க. நீங்க இருந்தா, சீக்கிரமே அதுவும் பொருத்தமாப் போயிடும். கூடவே நானும் போயிடுவேன்."

"விடுதலை வேணுமா, வேணாமா? அதைச் சொல்லு."

ஹெர்மோன் அச்சைத் தொடையிடுக்கில் இறுக்கிக்கொண்டு, சிற்றுளியை எடுத்து, வெரானியஸின் கண்ணெதிரே அச்சிலிருந்த வழவழப்பான மோவாயில் தாடியின் முதல் முடியைச் செதுக்கினான்.