ஜான்ரோஸின் இரண்டாவது வெடி

பேச்சிப்பாறை அணைக்கு மேலே, காட்டோரத்தில் மரச்சீனிக் கிழங்கு போட்டு, காட்டுப் பன்றிக்குக் காவலிருந்த ஜான்ரோஸுக்கு இரண்டாவது வெடி என்பதே வாய்த்ததில்லை. முதல் வெடிக்கும் அடுத்ததற்கும் நடுவில் அவன் செய்கிற சுத்தம் அப்படி.

அன்றைக்கு அந்தப் பக்கத்தை ஆண்ட திருக்கொச்சி சர்க்கார் லைசென்ஸ் கொடுத்த நாட்டுத் துப்பாக்கி அது. குழல் வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டுக் கம்பியால் இடிக்க வேண்டும். ஒரு தடவை வெடித்தால் உள்ளே கரி அப்பிக்கொள்ளும். எங்காவது பொறி தங்கியிருந்தால் புது மருந்து போடுகிற கையையே கொண்டுபோய்விடும். அதனால் கம்பி நுனியில் ஈரத்துணி சுற்றி ஒரு துடைப்பு, காய்ந்த துணியால் இன்னொன்று, துணியை மோந்து பார்த்துவிட்டு மறுபடியும் ஒன்று. தன் காதைக்கூட அவன் அவ்வளவு கவனமாகக் கழுவியதில்லை.

"நீ தொடச்சு முடிக்கதுக்குள்ள பண்ணி களியக்காவிளை தாண்டிரும், மக்கா" என்பான் பக்கத்து விளையில் கிழங்கு போட்டிருந்த சத்தியராஜ். உண்மையில் பன்றிகள் அவ்வளவு தூரமெல்லாம் போகவில்லை. முதல் சத்தத்துக்குக் காட்டுக்குள் ஓடும்; இவன் துடைக்கிற நேரம் இவ்வளவு என்று பழகிவிட்டதால் சாவகாசமாகத் திரும்பி வந்து கிழங்கைத் தோண்டும்.

புது மனைவி ஜெபகுமாரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"மிச்சம் கெடக்க பாத்தியும் போச்சுண்ணா நான் எனக்க அம்மைக்க வீட்டுக்குப் போயிருவேன். பொறவு பண்ணிகளோட குடும்பம் நடத்துங்க."

அவளில்லாத வீட்டை ஜான்ரோஸால் நினைக்கவே முடியவில்லை.

மறுநாள் விடியலில் அவளும் காவலுக்கு வந்தாள். கையில் தூக்குவாளி நிறையக் கருப்பட்டிக் காப்பி. வெளிச்சம் பரவும் நேரத்தில் பன்றிகள் வந்தன. முதல் குண்டு மண்ணில் போயிற்று, பன்றிகள் ஓடின. ஜான்ரோஸ் வேலியிலிருந்து பார்வையை எடுக்காமல் துணியைப் பின்னால் நீட்டினான்.

"நனச்சுத் தா."

தண்ணீர் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஜெபகுமாரி யோசிக்காமல் துணியைக் காப்பியில் முக்கிக் கொடுத்தாள். அன்றைக்கென்று அவன் மோந்து பார்க்கவில்லை. பாத்தி போனால் இவளும் போய்விடுவாள் என்ற பதற்றத்தில், காய்ந்த துணியையும் ஒரே இழுப்போடு நிறுத்திவிட்டு மருந்தைப் போட்டான், குண்டைப் போட்டான், இடித்தான். குண்டு பாதிக் குழலில் நின்றுவிட்டது. பல்லைக் கடித்து அழுத்தியும் அசையவில்லை. பன்றிகளோ வழக்கமான நேரத்துக்கு வந்து சேர்ந்தன.

"வெடி வையுங்க."

"குண்டு அடிவரை போகல்ல. இப்ப வச்சா கொழல் பொட்டிரும். நீ தண்ணியிலதான நனச்ச?"

"காப்பியில."

"கருப்பட்டி போட்டதா?"

"போடாம நீங்க குடிப்பியளா?"

கருப்பட்டிப் பாகு பிடித்துக்கொண்ட துப்பாக்கியை ஜான்ரோஸ் தரையில் வைத்தான். கிழங்கும் போச்சு, பெண்டாட்டியும் போச்சு. திரும்பிப் பார்த்தால் அவள் அங்கே இல்லை. மிச்சக் காப்பியைக் கொட்டிவிட்டு, வாளியை மூடியால் படபடவென்று அடித்துக்கொண்டு, சபைப் பாட்டுக்குழுவில் மற்ற எல்லாரையும் அமுக்குகிற அந்தத் தொண்டையைத் திறந்துகொண்டு பாத்திக்குள் ஓடிக்கொண்டிருந்தாள். அவனும் கூப்பாடு போட்டபடி பின்னால் ஓடினான். நடுவில் துடைப்பதற்கு நிற்காத சத்தத்தைப் பன்றிகள் அதுவரை கேட்டதில்லை. ஓடையைத் தாண்டியும் ஓடின. வெயில் ஏறும்வரை ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

இருவரும் வரப்பில் உட்கார்ந்து மூச்சு முட்டச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஜான்ரோஸ் மெதுவாகக் கேட்டான்.

"அப்ப, அம்மைக்க வீட்டுக்கு?"

"போவணும்," என்றாள் அவள். அவன் முகம் வாடிவிட்டது. "அங்க பெரிய பித்தளைத் தாம்பாளம் ஒண்ணு கெடக்கு. இந்த வாளியில சத்தம் போராது. நீங்களும் வாங்க, ஒத்தையில தூக்க முடியாது."