ஊற்றுப் பக்கம் நின்ற மாப்பிள்ளை

புரியாததைப் புரிந்த மாதிரி தலையாட்டுவதில் லோய்ஸை மிஞ்ச எங்கள் மலையில் ஆள் கிடையாது. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து எங்கள் ஊர் டிராகிட்சாவைக் கட்டிக்கொண்டு இங்கேயே குடிவந்தவன். அவன் வந்த நாளிலிருந்து நான் மரம் வெட்டுகிறேன், அவன் டிராக்டரில் விறகு இழுக்கிறான். ஆறு ஒன்றும் பெரிய ஆறில்லை, கோழிகூட மனசு வைத்தால் தாண்டிவிடும். ஆனால் காட்டுவேலைப் பேச்சு மட்டும் அக்கரைக்கு ஒன்று, இக்கரைக்கு ஒன்று.

எந்தக் கோடாரிக்கும் பிளவுபடாத முண்டுக் கட்டையை நாங்கள் 'பன்றி' என்போம். வந்த புதிதில் ஒருநாள், "முதல்ல பன்னிய ஏத்து" என்று சொல்லிவிட்டுப் போனேன். நன்றாகத் தலையாட்டினான். திரும்பி வந்து பார்த்தால் டிரெய்லர் காலி. இவன் பக்கத்து வீட்டுப் பட்டியில் நின்று, எந்தப் பன்றி என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான்!

"என்னைய ஒரு வார்த்தை கேக்கக்கூடாதாய்யா?"

"கேட்டா சிரிப்பீங்க, கிர்கா."

கேட்காததற்கு ஊரே சிரித்தது. அப்போதும் திருந்தவில்லை. ரம்பம் போடும் சத்தத்தில் பாதி வேலை கைச்சாடையிலேயே ஓடிவிடுவதால் எனக்கும் அது உறைக்கவில்லை.

வெட்டிய மரம் தரைக்கு வராமல் பக்கத்து மரத்தில் சாய்ந்து மாட்டிக்கொண்டால் எங்கள் ஊரில் அதற்குப் பெயர் 'மாப்பிள்ளை'. மாமனார் தோளில் சாய்ந்து முறுக்கிக்கொண்டு நிற்பான். எந்த நேரத்தில் யார் தலையில் விழுவான் என்று சொல்ல முடியாது. அக்கரையில் அதையே 'குடிகாரன்' என்பார்கள். லோய்ஸ் அப்படித்தான் சொல்வான். நாங்கள் 'மாப்பிள்ளை' என்றால் வழக்கம்போலத் தலையாட்டி வைப்பான்.

நிஜ மாப்பிள்ளை விவகாரம் வேறு. லோய்ஸின் ஒரே மகள் ஸ்டெங்கா, ரியேகா நகரத்தில் வேலை பார்க்கிறாள். ஈஸ்டருக்கு ரெனாட்டோ என்ற பையனைக் கூட்டி வந்தாள். நல்ல பையன்தான், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு, "இந்தக் காலத்துல யாருங்க விறகு எரிக்கிறாங்க? கேஸ் போட்டுக்கலாமே" என்றான். விறகு இழுத்தே மகளை வளர்த்த மனுஷன் வீட்டில்! லோய்ஸ் கதவைத் திறந்து, "இனி இந்தப் படி ஏறாதே" என்றுவிட்டான். மகளும் கூடவே எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒரு போன் கிடையாது. இவன் வீம்புக்காரன், தானாகவும் கூப்பிட மாட்டான். ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுக்கிறான் என்று டிராகிட்சா என்னிடம் சொல்லி அழுதாள்.

இலையுதிர்காலத்தில் ஒருநாள், ஊற்றுக்கு மேலே நான் வெட்டிய பெரிய காட்டுமரம் விழாமல் மாட்டிக்கொண்டது. நீளமான இழுவைக் கம்பி இல்லாமல் அதை இறக்க முடியாது. கம்பி வாங்கக் கீழூருக்குக் கிளம்பினேன். லோய்ஸ் பாட்டுக்கு விறகேற்ற அங்கே போய்விடப் போகிறானே என்று ஒரு மெசேஜ் போட்டேன்: "ஊற்றுப் பக்கம் மாப்பிள்ளை நிக்கிறான். தனியாப் போகாத. நான் வர்ற வரைக்கும் கை வைக்காத."

அதைப் படித்துவிட்டு அவன் ஆடிய ஆட்டத்தை டிராகிட்சா பிறகு சொன்னாள்.

"வந்துட்டான்டி! கை வைக்காதேன்னு எழுதியிருக்கான் பாரு இந்த கிர்கா. நான் என்ன அடிக்கவா போறேன்?"

"வர்றவன் வீட்டுக்கு வராம ஊத்துக்கு எதுக்குய்யா போறான்?"

"படி ஏறாதேன்னு நான்தானே சொல்லித் தொலைச்சேன்! பயந்துக்கிட்டு மேலயே நிக்கிறான்."

அவசரத்தில் சவரம் செய்து தாடையை வெட்டிக்கொண்டான். வெள்ளைச் சட்டை, ஒரு புட்டி பிளம் சாராயம். மகளுக்குப் போன் போட்டான், அவள் எடுக்கவில்லை. குரலைப் பதிந்து அனுப்பினான்: "மாப்பிள்ளை வந்திருக்காரு. நான் போய் மரியாதையாக் கூட்டிட்டு வர்றேன். நீயும் வந்துடும்மா."

நான் கம்பியோடு ஊற்றுக்குப் போனால், டிராக்டர் வழியில் நிற்கிறது. சாய்ந்து நிற்கும் மரத்துக்கு நேர் கீழே லோய்ஸ், கையில் புட்டியோடு காட்டைப் பார்த்துக் கூவுகிறான். "மாப்ளே! வெளிய வாங்க! நான் ஒண்ணும் செய்ய மாட்டேன்!"

"யோவ் லோய்ஸ்! தள்ளி வாய்யா! மாப்பிள்ளை உன் தலைக்கு மேல!"

அண்ணாந்து பார்த்தான். "மரத்துமேலயா ஏறிட்டாரு? ஐயையோ, பாத்து இறங்குங்க மாப்ளே!"

மேலே கிளை முறியும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து போட்டேன்.

"மரம்யா அது! மரம்! உங்க ஊர்க் குடிகாரன்!"

"குடிகாரனா? ரெனாட்டோ குடிக்க மாட்டானே..."

தலையில் அடித்துக்கொண்டு மெசேஜின் அர்த்தத்தைச் சொன்னேன். அவன் வழக்கம்போலத் தலையாட்டவில்லை. டிராக்டர் படியில் உட்கார்ந்தான்.

"அப்ப அவன் வரலையா?"

எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. பாவம், சட்டையை இஸ்திரி போட்டு வேறு வந்திருந்தான்.

வேலை வேலைதான். கம்பியை மாட்டிவிட்டுத் தூரத்திலிருந்து டிராக்டரால் இழுத்தோம். மரம் ஒருவழியாகத் தரைக்கு வந்தது. எஞ்சினை நிறுத்தியபோது லோய்ஸின் போன் அடித்தது. டிராக்டர் ஓட்டி ஓட்டி அவனுக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில்தான் பேசுவான்.

"அப்பா, நீங்க பேசி அனுப்புனதைக் கேட்டேன். ஒண்ணும் புரியல. அவர் இங்க என் பக்கத்துலதான் இருக்காரு." ஸ்டெங்காவின் குரல் கொஞ்சம் தயங்கியது. "அப்பா... அவரையா மாப்பிள்ளைன்னு சொன்னீங்க?"

லோய்ஸ் என்னைப் பார்த்தான். கீழே கிடந்த மரத்தைப் பார்த்தான். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். பூட்ஸ் காலால் என் காலை நன்றாக மிதித்தான்.

"ஆமா, அவரைத்தான் சொன்னேன்" என்றான். "ரெண்டு பேரும் வாங்க. வரும்போது அவரை ஸ்வெட்டர் எடுத்துக்கச் சொல்லு. நம்ம வீட்ல இன்னும் கேஸ் இல்ல, விறகுதான்."